பல்லைக் கடிச்சுக்கிட்டு வாழ்ந்த கதை

நான் யோகாவுக்குப் போனது மன அமைதி தேடி எல்லாம் இல்லைங்க, பல்லு வலிக்காகப் போனது. மூணு வருஷத்துக்கு முன்னாடி, காலைல எந்திரிச்சா ரெண்டு பக்கத் தாடையும் இறுகிப் போயி காதோரத்துல விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், சரி சொத்தைப் பல்லா இருக்கும்னு பல் டாக்டர்கிட்ட போனா அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டு "சொத்தை ஒண்ணும் இல்ல, ராத்திரி தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க, கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு தட்டையாயிருச்சு பாருங்க"ன்னு கண்ணாடியப் பிடிச்சுக் காட்டினாரு. எனக்கு நம்பவே முடியல. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டா "ஆமா, கல்லு உரசற மாதிரி சத்தம் வரும், கனவு கினவு காண்றயோன்னு விட்டுட்டேன்"ங்கறாரு. எத்தனை வருஷமாங்கன்னு கேட்டேன். அது இருக்கும் ஏழெட்டு வருஷம்னாரு!! ஏழெட்டு வருஷமா பக்கத்துல படுத்திருக்கற மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல.

டாக்டர் ராத்திரி மாட்டிக்கறதுக்கு நைட் கார்டுன்னு ஒரு பிளாஸ்டிக் கவர் மாதிரி அளவெடுத்துச் செஞ்சு குடுத்தாரு. குடுக்கும்போதே சொல்லிட்டாரு, இது பல்லு தேயாம பாத்துக்கும், கடிக்கறத நிறுத்தாது, அதுக்கு நீங்கதான் எதாச்சும் பண்ணணும், டென்ஷன் ஜாஸ்தியோன்னு கேட்டாரு.

டென்ஷனான்னா என்னத்த சொல்றது. கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், மாசாமாசம் 11ம் தேதி ஒரு ரிட்டர்ன் 20ம் தேதி ஒரு ரிட்டர்ன்னு ஜிஎஸ்டி காலண்டர்தான் எங்க வாழ்க்கை, அந்த வருஷம்தான் எங்கப்பா தவறினாரு, அத்தைக்கு மறதி ஆரம்பிச்சிருந்துச்சு, பொண்ணு பத்தாவதுக்குள்ள கால வச்சிருந்தா. யாராச்சும் எப்படி இருக்கேன்னு கேட்டா "என்ன பண்றது, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான்"னு சொல்றது என் வழக்கம். சொல்லிச் சொல்லி நெஜமாவே கடிச்சுத் தேச்சு வச்சிருக்கேன்!

சரி யோகா கிளாஸ் கதைக்கு வர்றேன். எங்க ஏரியால ஒரு கல்யாண மண்டபத்து மாடில காலைல அஞ்சரைக்கு நடக்குது, மாசம் 300 ரூபா, முகூர்த்த நாள்னா லீவு. சொல்லித் தர்ற மாஸ்டர் 68 வயசு, ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருஷம் ஷிப்ட் பாத்தவரு, ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரின்னு மாறி மாறித் தூக்கமே கெட்டுப் போயி, எண்பதுகள்ல மனவளக்கலை மன்றத்துல சேந்து கத்துக்கிட்டவரு. நம்ம பக்கம் அது தெரியாத ஊரே கிடையாது. கூடுவாஞ்சேரியில நெசவுக் குடும்பத்துல 1911ல பொறந்த வேதாத்திரி மகரிஷி ஆரம்பிச்சது, கடைசில பொள்ளாச்சி பக்கம் ஆழியாறுல வந்து உக்காந்தாரு, "வாழ்க வளமுடன்"னு சொல்லிப்பாங்களே அவங்கதான். மாஸ்டர் அதோட நிக்காம பதஞ்சலி ஆசனம் பிராணாயாமம்னு பல இடத்துல கத்துக்கிட்டு எல்லாத்தையும் கலந்துதான் சொல்லித் தருவாரு. அதனால எந்த ஸ்கூல் யோகான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, மில்லுக்கார ஸ்கூல்னு வச்சுக்கங்க.

மொதல் மாசம் எனக்கு சப்புன்னு இருந்துச்சு. இன்ஸ்டாகிராம்ல பாக்கற மாதிரி ஒத்தக்கால்ல நின்னு வில்லா வளையறது எதுவும் இல்ல, கைய சுத்து, கால சுத்து, கழுத்த மெதுவா திருப்பு, கவுந்து படு, மல்லாந்து படு. இதுக்கா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்தோம், இத வீட்லயே படுத்திருப்பமேன்னு தோணும். ஒரு நாள் சவாசனத்துல படுத்திருக்கேன், நல்லா உடம்பை விட்டு ரிலாக்ஸா இருக்கேன்னுதான் என் நெனப்பு, மாஸ்டர் பக்கத்துல வந்து குனிஞ்சு மெதுவா "அம்மிணி, பல்லை விடுங்க"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பல் டாக்டர் விஷயத்த நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. தாடைல இங்க ஒரு உருண்டை மாதிரி தசை பொடைச்சுக்கிட்டு இருந்திருக்கு, பாத்தாலே தெரியுதாம். "உதடு மூடியிருக்கட்டும், பல்லு மேலயும் கீழயும் ஒட்டக் கூடாது, நாக்கு சும்மா கெடக்கட்டும்"னாரு. அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது, என் உடம்புல நடக்கறது எனக்கே தெரியல. முழிச்சிருக்கும்போதே தெரியல, அப்புறம் தூக்கத்துல எங்க தெரியப் போகுது?

இதுக்கு அப்புறம்தான் நான் இந்த மூளை சமாச்சாரத்த எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன் (ஆடிட் ஆளுங்களுக்கு வவுச்சர் இல்லாம எதையும் நம்ப முடியாது, வியாதி அது). யோகா செஞ்சா மூளைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா மூளைல எங்க, என்ன, எப்படின்னு கேட்டா பாதிப் பேர் சக்ரா சக்தின்னு போயிர்றாங்க.

மூளைல இன்சுலான்னு ஒரு பகுதி இருக்கு. லத்தீன்ல தீவுன்னு அர்த்தமாம். வெளிய தெரியாது, மடிப்புக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். இதயம் எப்படி அடிக்குது, வயிறு என்ன சொல்லுது, மூச்சு திணறுதா, எங்க இறுகியிருக்குன்னு உடம்புக்குள்ள இருந்து வர்ற சேதியெல்லாம் வந்து சேர்ற முக்கியமான எடம் அது. கோவம், பயம், படபடப்பு எல்லாம் மொதல்ல உடம்புலதான் வருது, நாம அதுக்குப் பேர் வைக்கறது அப்புறம்தான், அதனால இந்தத் தீவுக்கு உணர்ச்சிங்களோடயும் நெறைய தொடர்பு உண்டு. 2014ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு, வருஷக்கணக்கா யோகா செய்றவங்க 14 பேரு, செய்யாதவங்க 14 பேரு, ஐஸ் மாதிரி தண்ணில கைய வைக்கச் சொல்லி எவ்வளவு நேரம் தாங்கறாங்கன்னு பாத்தாங்க. யோகா செய்றவங்க ரெண்டு மடங்குக்கு மேல தாங்கியிருக்காங்க. ஸ்கேன்ல பாத்தா அவங்களுக்கு இந்த இன்சுலால சாம்பல் நிறத் திசு ஜாஸ்தி, எத்தனை வருஷம் யோகா செஞ்சிருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி ஜாஸ்தி. எனக்கு ரொம்பப் புடிச்சது இது இல்ல. வலிக்கும்போது என்ன பண்ணீங்கன்னு கேட்டிருக்காங்க. யோகா செய்யாதவங்க வேற எதையாச்சும் நெனச்சு மறக்கப் பாத்தாங்களாம். யோகா செய்றவங்க வலி இருக்கற எடத்தையே கவனிச்சு, மூச்சை விட்டு, இருக்கட்டும்னு விட்டாங்களாம். அதாவது யாரு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்களோ அவங்களாலதான் தாங்க முடியல. எங்க வீட்லயும் எங்கம்மா காலத்துல இருந்து பல்லைக் கடிச்சுக்கறதத்தான் பொறுமைன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க.

மூச்சு விஷயம் சொல்றேன், இத நீங்க இப்பவே செஞ்சு பாக்கலாம். மணிக்கட்டுல நாடியப் புடிச்சுக்கிட்டு மூச்சை மெதுவா இழுங்க, துடிப்பு லேசா வேகமாகும். மெதுவா நீளமா விடுங்க, துடிப்பு இறங்கும். எல்லாருக்குமே ஒரே மாதிரி பளிச்சுன்னு தெரியாது, ஆனா நிதானமா பாத்தா தெரியும். இதுக்குக் காரணம் வேகஸ்னு ஒரு நரம்பு, மூளைல இருந்து நேரா வர்ற 12 ஜோடி நரம்புல பத்தாவது ஜோடி, கழுத்து வழியா இறங்கி இதயம் நுரையீரல் வயிறு குடல் வரைக்கும் போகுது. மூச்சை விடும்போது அது இதயத்துக்கு பிரேக் போடுது. இன்னொரு விஷயம், இந்த நரம்புல ஓடற இழைங்கள்ல பெரும்பாலானது மூளைல இருந்து உடம்புக்கு ஆர்டர் போடறது இல்லையாம், உடம்புல இருந்து மூளைக்கு சேதி கொண்டு போறதாம். ஹெட் ஆபீஸ் பிரான்ச்சுக்கு அனுப்பற மெயிலை விட பிரான்ச் ஹெட் ஆபீசுக்கு அனுப்பற மெயில்தான் ஜாஸ்தின்னு வச்சுக்கங்களேன். "அமைதியா இரு"ன்னு மனசுக்கு நாம நூறு தடவ சொன்னாலும் கேக்காதது, மூச்சை நீளமா விட்டா கேக்குதுன்னா அது இதனாலதான். 2017ல எலிங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மூளைத்தண்டுல மூச்சோட தாளத்த நடத்தற எடத்துல ஒரு சின்னக் கூட்டம் நரம்பு செல்லுங்க மட்டும், மூளைய உஷார்படுத்தற எடத்துக்கு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு, அந்த செல்லுங்கள எடுத்துட்டா எலி பாட்டுக்கு சாந்தமா ஒக்காந்து தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்குதாம். நம்ம செல்ல எடுக்க முடியாது, மூச்சை மெதுவாக்கலாம்.

எவ்வளவு மெதுவா? நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கிட்டத்தட்ட. 2001ல இத்தாலில 23 பேர வச்சு ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி பண்ணாங்க, லத்தீன் மொழில ஜெபமாலை சொல்ல வச்சாங்க, அப்புறம் ஓம் மணி பத்மேன்னு மந்திரம் சொல்ல வச்சாங்க. ரெண்டுலயுமே மூச்சு தானா நிமிஷத்துக்கு ஆறு தடவைக்கு வந்து நின்னுச்சு, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு சேந்து ஆடுச்சு. எங்க பக்கத்து வீட்டு அக்கா தெனமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லுவாங்க, எங்க அத்தை விளக்கு வச்சுட்டு சாமிப் பாட்டு முணுமுணுப்பாங்க, ரெண்டு பேரும் இத்தனை வருஷமா பிராணாயாமம்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்கன்னு சொன்னா ரெண்டு பேருமே ஒத்துக்கல.

இங்க என் முட்டாள்தனம் ஒண்ணையும் சொல்லிடறேன். ரெண்டாவது மாசம் ஆர்வக்கோளாறுல யூடியூப் பாத்து திருமூலர் கணக்குல மூச்சுப் பயிற்சி பண்றேன்னு எறங்கினேன். அவரு சொன்ன கணக்கு உள்ள இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32 (மாத்திரைன்னா கால அளவு, நாம முழுங்கறது இல்ல). 64 வரைக்கும் மூச்ச அடக்கறேன்னு சமையக்கட்டுல ஒக்காந்து அடக்கி கண்ணு இருட்டிக்கிட்டு வந்து மேடைய புடிச்சுக்கிட்டேன். மாஸ்டர்கிட்ட போயி சொன்னா ஒரு முறை முறைச்சாரு, "டிரெய்னிங்கே முடிக்காத புள்ள முதல் நாளே ஆறு மிஷினு ஓட்டுவேன்னு வந்து நின்னா எந்த மேஸ்திரி விடுவான்"னாரு. அவரு குடுத்தது 4 எண்ணி இழு, 6 எண்ணி விடு, நிறுத்தவே நிறுத்தாத. இன்னைக்கு வரைக்கும் அதுதான் செய்றேன். பிரஷர் இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க மூச்ச அடக்கற வேலையே வச்சுக்காதீங்க, தயவு செஞ்சு.

இப்போ எங்க வீட்டுப் பட்டிமன்றத்துக்கு வருவோம். என் வீட்டுக்காரர் ரேஸ் கோர்ஸ் ரோட்டு நடைபாதைல தெனமும் நாலு ரவுண்டு நடக்கறவரு. அவரோட வாதம் என்னன்னா எக்சர்சைஸ்னா எக்சர்சைஸ்தான், நடந்தாலும் மூளைக்கு ரத்தம் போகும், இதுல யோகா என்ன ஸ்பெஷல், நீ பாயி போட்டுப் படுக்கற நான் நடக்கறேன் அவ்வளவுதான் வித்தியாசம். நியாயமான கேள்விதான், நடக்கறது மூளைக்கு நல்லதுங்கறதுல யாருக்கும் சந்தேகம் கெடையாது. ஆனா இதே கேள்விய பாஸ்டன் யூனிவர்சிட்டில கேட்டுப் பாத்திருக்காங்க. மூளைல காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்பு செல்லுங்க ஓவரா துள்ளாம அடக்கி வைக்கறது அதோட வேலை, மனச்சோர்வும் பதட்டமும் இருக்கறவங்களுக்கு இது கொறைவா இருக்கறதா பல ஆராய்ச்சில பாத்திருக்காங்க, அல்பிரசோலம் மாதிரி பதட்டத்துக்குக் குடுக்கற மாத்திரைங்க வேலை செய்றதும் இந்த காபா ரூட்லதான். 2007ல மொதல்ல அங்க பழகின யோகாக்காரங்க 8 பேர ஒரு மணி நேரம் ஆசனம் செய்ய வச்சு முன்னாடியும் பின்னாடியும் ஸ்கேன் பண்ணா காபா 27 சதவீதம் ஏறியிருக்கு, அதே ஒரு மணி நேரம் புக்கு படிச்ச 11 பேருக்கு ஏறல. சரி அது உடம்ப அசைச்சதாலதான் ஏறுச்சுன்னு யாராச்சும் (எங்க வீட்டுக்காரர் மாதிரி) சொல்லுவாங்கன்னு 2010ல ரெண்டாவது ஆராய்ச்சி. 12 வாரம், வாரத்துல மூணு நாள் ஒரு மணி நேரம், 19 பேருக்கு அய்யங்கார் யோகா (பி.கே.எஸ். அய்யங்கார்ங்கறவரு சொல்லிக் குடுத்த முறை), 15 பேருக்கு நடை, ரெண்டுக்கும் ஆகற சக்தி செலவு ஒண்ணா இருக்கற மாதிரி பாத்து வச்சிருக்காங்க. யோகா குரூப்புக்கு மனநிலை நல்லா மாறுச்சு, பதட்டம் கொறைஞ்சுது, மனசு தேற தேற மூளைக்கு நடுவுல இருக்கற தலாமஸ்ங்கற பகுதில காபாவும் கூடவே ஏறியிருக்கு. நடந்தவங்களுக்கு அந்த அளவு இல்ல.

இத நான் பெருமையா வாசிச்சுக் காட்டினேன். அவரு கேட்டது ஒரே கேள்வி, "மொத்தம் எத்தனை பேரு? முப்பத்தி நாலா? எங்க வாக்கிங் குரூப்புலயே நாப்பது பேரு இருக்கோம்." ஒண்ணும் சொல்ல முடியல, ஏன்னா அது உண்மைதான். யோகா மூளை ஆராய்ச்சில பெரும்பாலானது இப்படிச் சின்னச் சின்ன கூட்டத்த வச்சுப் பண்ணதுதான். 2019ல இலினாய் பல்கலைக்கழகத்துக்காரங்க இந்த மாதிரி மூளை ஸ்கேன் ஆராய்ச்சிங்கள தேடி எடுத்து ஒண்ணா வச்சுப் பாத்தப்போ தேறினது 11தான். ஹிப்போகாம்பஸ்னு கடற்குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு பகுதி, ஞாபகத்துக்கானது, வயசானா சுருங்கறது, அது யோகா செய்றவங்களுக்குப் பெருசா இருக்கு, அமிக்டலான்னு பாதாம் பருப்பு சைசுல பயத்துக்கும் ஆபத்துக்கும் மணி அடிக்கற பகுதியிலயும், நெத்திக்குப் பின்னாடி திட்டம் போடற பகுதியிலயும் வித்தியாசம் தெரியுதுன்னு சொன்னாங்க. ஆனா அதுல பாதிக்கு மேல ஏற்கனவே யோகா செய்றவங்களையும் செய்யாதவங்களையும் பக்கத்துல வச்சுப் பாத்தது. யோகா செஞ்சதால மூளை அப்படி ஆச்சா, இல்ல அப்படி மூளை இருக்கற ஆளுங்கதான் விடாம யோகாவுக்குப் போறாங்களான்னு அதுல பிரிச்சுச் சொல்ல முடியாதுல்ல. அதனால யாராச்சும் மேடையேறி யோகா செஞ்சா மூளை இத்தனை பர்சன்ட் வளரும்னு அடிச்சு விட்டா கைதட்டாதீங்க.

தோப்புக்கரணம் கதை அப்படித்தான். அதுக்கு சூப்பர் பிரெய்ன் யோகான்னு பேரு வச்சு காது மடல்ல மூளையோட ஸ்விட்ச் இருக்குன்னு வருஷா வருஷம் பரீட்சை சமயத்துல பேமிலி குரூப்புல வீடியோ வந்துரும். போடட்டும், காலுக்கு நல்லது, பிள்ளையாருக்கும் சந்தோஷம். ஆனா நான் ஸ்கூல்ல வீட்டுப்பாடம் எழுதாம போட்ட தோப்புக்கரணத்துக்கு இந்நேரம் கலெக்டர் ஆகியிருக்கணும்.

அத்தை விஷயத்துக்கு வர்றேன். மறதின்னு சொன்னேன்ல, அடுப்புல பால வச்சுட்டு மறக்கறது, மாத்திரை போட்டாச்சான்னு மூணு தடவ கேக்கறதுன்னு ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட காட்டினோம், வயசுக்கு வர்ற லேசான மறதி, பி12 கொறைவா இருக்குன்னு ஊசி போட்டாரு, அதுல கொஞ்சம் தேறினாங்க. நான் அப்போ லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல 2016ல வந்த ஒரு ஆராய்ச்சிய படிச்சிருந்தேன், 55 வயசுக்கு மேல லேசா மறதி இருக்கற 25 பேரு, ஒரு பாதிக்கு மூளைப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு வாரம் ஒரு நாள் யோகா கிளாஸ், அது போக தெனமும் 20 நிமிஷம் விரல மடக்கிக்கிட்டே சொல்ற ஒரு மந்திர தியானம். 12 வாரம் கழிச்சு பேரு வார்த்தை ஞாபகம் ரெண்டு கூட்டத்துக்கும் சமமா தேறியிருக்கு, எந்த வழில போனோம் எத எங்க வச்சோம்ங்கற ஞாபகமும் மனநிலையும் யோகாக்காரங்களுக்கு இன்னும் நல்லா இருந்துச்சுன்னாங்க. 25 பேருதான், மறுபடியும். ஆனா காசா பணமா? அத்தைய சேர்ல ஒக்கார வச்சு கைய தூக்கி இறக்கறது, கழுத்து, அப்புறம் கண்ண மூடி ம்ம்ம்னு வண்டு மாதிரி முனகற பிராமரி, இவ்வளவுதான். மறதி கொறைஞ்சுதான்னா எனக்குச் சொல்லத் தெரியல, ஊசியா யோகாவான்னு பிரிக்கவும் முடியாது. மாறினது வேற. மறந்துட்டோமேன்னு முன்னாடி அழுவாங்க, கைய பிசைவாங்க, எனக்குப் பைத்தியம் புடிக்குது கண்ணுன்னு பொலம்புவாங்க. இப்போ மறந்துட்டா "அட போ"ன்னு சிரிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிர்றாங்க. பிராமரி செய்றப்போ பேத்தியும் கூட ஒக்காந்துக்குவா, ரெண்டும் சேந்து முனகினா வீட்டுக்குள்ள மிக்சி ஓடற மாதிரி இருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரில 2011ல ஓம் சொல்லும்போது மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க, 12 பேரு, ஒரு தடவ ஓம்னு இழுத்துச் சொல்லணும், இன்னொரு தடவ அதே நேரத்துக்கு ஸ்ஸ்னு சொல்லணும். ஓம் சொல்றப்போ அமிக்டலா உள்பட உணர்ச்சிக்கான பகுதிங்க அடங்கியிருக்கு, ஸ்ஸ் சொன்னப்போ அப்படி இல்ல. முனகறதோட அதிர்வு காது பக்கம் போற வேகஸ் கிளைய தொடறதால இருக்கலாம்னு அவங்க ஊகம்.

ஒரு விஷயம் சீரியஸா சொல்லணும். கூட வேலை பாத்த ஒரு பொண்ணு, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்ட்டுக்கிட்டு இருந்தா, யோகா ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல நல்லா இருக்குன்னு தோணவும் டாக்டரைக் கேக்காம மாத்திரைய நிறுத்திட்டா, யாரோ சொந்தக்காரங்க வேற "அதெல்லாம் கெமிக்கல், மூச்சுப் பயிற்சி போதும்"னு ஓதியிருக்காங்க. மூணே வாரத்துல மறுபடி படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாத நெலமைக்குப் போயிட்டா, மறுபடி டாக்டர், மறுபடி மாத்திரை, இப்போ ரெண்டையும் சேத்து செய்றா, நல்லா இருக்கா. யோகா மாத்திரைக்குப் பக்கத்துல ஒக்காரலாம், மாத்திரைய தள்ளி விட்டுட்டு ஒக்காரக் கூடாது. நடு ராத்திரில மனசு தாங்க முடியாம போச்சுன்னா 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, கவர்மெண்ட்டோடது, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

எனக்கு என்னதான் மாறுச்சுன்னு கேப்பீங்க. கோவம் போயிருச்சான்னா போகல. போன நவம்பர்ல ஒரு நாள், பர்ச்சேஸ் ஆளு ஒருத்தரு இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி நம்பரயே தப்பா போட்டு விட்டதால இன்புட் கிரெடிட் (வாங்கின சரக்குக்குக் கட்டின வரியக் கழிச்சுக்கறது) மேட்ச் ஆகல, 19ம் தேதி சாயங்காலம் ஆறு மணி, மேனேஜர் வந்து எல்லாரும் பாக்க என்னைப் புடிச்சுக் கத்தறாரு. முன்னாடி எல்லாம் நான் அந்த எடத்துல வாயத் தொறக்காம நின்னுட்டு, வீட்டுக்கு வந்து பொண்ணு மேல ஏதாச்சும் சாக்குல எரிஞ்சு விழுந்து, ராத்திரி பூரா பல்லைக் கடிச்சிருப்பேன். அன்னைக்கு அவரு கத்தற சத்தத்துக்கு நடுவுல எனக்கு மொதல்ல தெரிஞ்சது என் தாடை. மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டியிருக்கு. "பல்லை விடுங்க அம்மிணி"ன்னு மாஸ்டர் குரலே கேட்டுச்சு. விட்டேன், ஒரு நீள மூச்சு விட்டேன், அப்புறம் "சார், அந்த நம்பர் போட்டது நான் இல்ல, அத கண்டுபுடிச்சு உங்களுக்கு மெயில் போட்டதுதான் நான், மத்தியானம் மூணே காலுக்கு, பாருங்க"ன்னேன். குரல் நடுங்கல. அவரு மெயிலப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு (சாரி எல்லாம் கேக்கல, அது யோகாவால முடியற காரியம் இல்ல). அன்னைக்கு ராத்திரி பொண்ணுகூட தோசை சுட்டுச் சாப்ட்டுட்டுத் தூங்கினேன்.

அமைதின்னு இதச் சொல்ல மாட்டேன், ஏன்னா உள்ள நல்லாவே கொதிச்சுது. கொதிக்குதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுது, அதுதான் வித்தியாசம். இந்தச் சேதி முன்னாடியும் வந்துக்கிட்டுதான் இருந்திருக்கும், நான்தான் மெயிலயே தொறக்காம வச்சிருந்தேன்.

இதுக்கு "தெனமும்"ங்கறது முக்கியம்னு சொல்லுவாங்க, நான் நம்பல, பட்டுத்தான் தெரிஞ்சுது. இந்த வருஷம் மார்ச்ல இயர் எண்ட் குளோசிங், பொண்ணுக்கு ப்ளஸ் டூ பரீட்சை, ரெண்டும் ஒண்ணா வந்து ஏறிக்கிச்சு, நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு ஏழு வாரம் கிளாசுக்குப் போகல. எப்போ ரொம்பத் தேவையோ அப்பத்தான மொதல்ல இத நிறுத்துவோம், எல்லார் வீட்லயும் அதே கதைதான். ஏப்ரல் கடைசில ஒரு காலைல எந்திரிச்சா தாடை பழைய மாதிரி விண்ணு விண்ணு. டிராயர்ல தூசி படிஞ்சு கெடந்த நைட் கார்டு மறுபடி வெளிய வந்துச்சு. மே மாசம் மறுபடி போக ஆரம்பிச்சு, வலி முழுசா போறதுக்கு ஜூன் நடு ஆச்சு.

இப்போ வாரத்துல அஞ்சு நாள் போறேன், ரெண்டு நாள் தூங்கறேன், அதுக்கு வருத்தப்படறதும் இல்ல. முகூர்த்த நாள்ல வீட்லயே பாய விரிச்சு 25 நிமிஷம், கை கால் பயிற்சி, கவுந்து படுக்கற மகராசனம், 4க்கு 6 மூச்சு, அப்புறம் மல்லாந்து படுத்துப் பல்லை விடறது. அது கடைசி ஐட்டம் இல்ல, மெயின் ஐட்டமே அதான். வீட்டுக்காரர் போன மாசம் ஒரு நாள் வந்தாரு பாக்கறதுக்கு. சவாசனத்துல பத்தாவது செகண்டு குறட்டை, மாடியே அதிருது, பக்கத்துல படுத்திருந்தவங்க எல்லாம் சிரிப்ப அடக்க முடியாம கெடக்கோம். மாஸ்டர் எழுப்பவே இல்ல, விடுங்க, மனுஷன் தூங்கட்டும்னுட்டாரு. வெளிய வந்து "நல்லா இருந்துச்சு, ஆனா என் நடைதான் பெஸ்ட்"னாரு.

போன வாரம் பல் டாக்டர்கிட்ட செக்கப். புதுசா தேய்மானம் இல்லைன்னாரு, நைட் கார்ட வாங்கி லைட்ல திருப்பித் திருப்பிப் பாத்து "மார்க்கு கொறஞ்சிருக்கே, என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாரு. தெனமும் காலைல படுத்துக்கிட்டு பல்லை விடறேன் டாக்டர்னேன். அவருக்குப் புரியல. நாளைக்கு 20ம் தேதி, ரிட்டர்ன் போடணும், சர்வர் எப்படியும் தொங்கும், முகூர்த்தமும் இல்ல. மாஸ்டர் அஞ்சு இருபதுக்கே கேட்டத் தொறந்து வச்சிருப்பாரு.